பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், பூட்டிய வீடு, இரண்டு பூனைகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராயில் குடியிருந்து கூலிம் ஹைடெக் பார்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். ஷிப்ட் என்னவோ பன்னிரண்டு மணி நேரம்தான். ஃபேக்டரி பஸ் ஒவ்வொரு தாமானாக (வீடமைப்புப் பகுதியாக) சுற்றி ஆள் ஏற்றி இறக்குவதையும் சேர்த்தால் வீடு பதினான்கு மணி நேரம் பூட்டிக் கிடக்கும். 2023 ஜனவரியில் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைந்தது. ஆனால் ஓவர்டைம் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்கிறவர் யார்? என் வீட்டுக்காரரும் ஷிப்ட்தான். இருவருக்கும் பகல் வந்தால் வீடு காலி. ஒருவருக்கு இரவு வந்தால் பகலெல்லாம் திரையை மூடித் தூங்கிக்கொண்டிருப்பார். வளர்க்கும் பிராணிக்கு அதுவும் காலி வீடுதான்.

இப்படிப்பட்ட வீட்டில் சில வருடங்களாக மீன், வெள்ளெலி, பூனை என்று வளர்த்து வருகிறோம். வேலை இடத்தில் யாராவது “அக்கா, வேலை வைக்காத பிராணியா ஒண்ணு சொல்லுங்க” என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது இரண்டுதான். நீ இல்லாத நேரத்தில் அது என்ன செய்துகொண்டிருக்கும்? நீ வர முடியாத நாளில் யார் கதவைத் திறப்பார்கள்?

நாய் வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டவர் என் வீட்டுக்காரர். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவருக்கு வேறென்ன தோன்றும்? லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு நாய் யாருடையது என்று சரியாகச் சொல்லவே முடியாது. வளர்ப்பவர் விடியுமுன் பால் வெட்டப் போய்விட்டால் பக்கத்து வீட்டுப் பாட்டி திண்ணையில் இருப்பார். மதியச் சோறு ஏதாவது ஒரு வீட்டிலிருந்து வந்துவிடும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் பின்னாலேயே பொழுது போய்விடும். இப்போது ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்டது, நாமும் தாமானுக்கு வந்துவிட்டோம். அதே நாயை இங்கே கொண்டுவந்தால் முன்கிரில்லுக்கும் வீட்டுக் கதவுக்கும் நடுவில் கார் நிற்கிற இடம்தான் அதற்கு உலகம்.

வளர்ந்த நாயையே ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு மேல் வெளிக்குப் போகவிடாமல் வைத்திருக்கக் கூடாது. மூன்று மாதக் குட்டி மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் அடக்காது. அப்புறம் குரைப்பு, பக்கத்து வீட்டு முறைப்பு, நகராண்மைக் கழக லைசன்ஸ். 2015-இல் கெடா, பெர்லிஸ், பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் பரவியதை இந்தப் பக்கத்து ஆட்கள் இன்னும் மறக்கவில்லை. தடுப்பூசி போட்ட நாயைக் கண்டாலும் ஒதுங்கித்தான் போகிறார்கள். காலையில் சங்கிலி போட்டு இரவில் அவிழ்ப்பதற்கு நாய் வளர்ப்பு என்று பேர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. விலங்கைத் துன்புறுத்தினால் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தில் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு, மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. ஆக, வீட்டில் மாமியாரோ ஓய்வு பெற்ற அப்பாவோ இருந்தால் தாராளமாக நாய் வாங்குங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

பறவை பற்றி எனக்குச் சொந்த அனுபவம் இல்லை. எங்கள் தெருக்கோடியில் ஒரு தாத்தா மெர்போக் என்னும் கூவும் சிறு புறா வளர்க்கிறார். காலையில் கூண்டைக் கயிற்றில் கட்டிக் கம்பத்தின் உச்சிக்கு ஏற்றுவார். வெயில் ஏறியதும் இறக்குவார். மழை வருமோ என்று வானத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். பார்க்க அழகுதான். நமக்கு அதற்கு இன்னும் வயது வரவில்லை.

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது சண்டை மீன், இக்கான் லாகா. “அக்கா, இதுக்குப் போத்தலே போதும், தண்ணிகூட மாத்த வேணாம்” என்று கடைப் பையன் சொன்னான். அவன் சொல்வதில் பாதி உண்மை உண்டு. சண்டை மீனுக்குச் செவுள் தவிர இன்னோர் உறுப்பும் இருக்கிறது. மேலே வந்து காற்றை நேராக உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் போத்தலிலும் உயிரோடு கிடக்கிறது. ஆனால் அதன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா தண்ணீரில்தான் சேரும், அது விஷம். நாங்கள் இருபது லிட்டர் தொட்டி வைத்து, ஃபில்டரில் அந்த விஷத்தைச் சிதைக்கும் நல்ல கிருமிகள் பிடிக்கச் சில வாரம் ஓடவிட்டு, அப்புறம்தான் மீனை விட்டோம். நம் ஊர்ச் சூட்டுக்கு ஹீட்டர் தேவையில்லை. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் போதும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது, குளோரின் நீக்கும் மருந்து விட வேண்டும். இரண்டு நாள் வெளியூர் போனாலும் பசி தாங்கும். ஆண் மீன் ஒன்றுக்கு மேல் ஒரே தொட்டியில் வேண்டாம். நைட் ஷிப்ட் முடிந்து வந்து தீனி டப்பாவைத் தொட்டால் போதும், கண்ணாடியோரம் வந்து துடுப்பை விரிக்கும். வாடகை வீட்டில் தனியாக இருக்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

வெள்ளெலியை நேரக் கணக்குப் பார்த்துத்தான் வாங்கினோம். பகலெல்லாம் தூங்கும், நாம் வரும் நேரத்துக்கு எழுந்து சக்கரத்தில் ஓடும். அந்தப் பொருத்தம் சரியாகவே இருந்தது. வெயில்தான் ஒத்துவரவில்லை. முப்பது டிகிரிக்கு மேல் போனால் அதற்கு ஆபத்து, பூட்டிய டெரஸ் வீடு மதியம் அதைத் தாண்டிவிடும். கூண்டைப் பின்பக்கத் தரையில் ஈரமான பீங்கான் ஓடுகளுக்கு நடுவில் வைத்துச் சமாளித்தோம். நன்றாக இருந்தாலும் அதன் ஆயுள் இரண்டு, மூன்று வருடம்தான். இன்னொன்று வாங்கவில்லை. முயலுக்கும் இதே வெயில் பிரச்சினை, கூடவே வயரைக் கடிக்கும்.

பூனைகள் வந்த பிறகுதான் வீட்டு நேரம் ஒரு வழிக்கு வந்தது. பூனை ஒரு நாளில் பன்னிரண்டு முதல் பதினாறு மணி நேரம் தூங்கும். விடியற்காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும்தான் அதற்கு ஆட்டம். பகல் ஷிப்டுக்காரர் பஸ்ஸுக்குக் கிளம்புவதும் திரும்புவதும் கிட்டத்தட்ட அந்த நேரங்களில்தான். குட்டி வேண்டாம், அதற்கு நாளுக்கு மூன்று நான்கு வேளை ஊட்ட வேண்டும், ஓயாமல் ஒருவர் பார்க்க வேண்டும். வேலை இடத்தில் ஒருவர் வீடு மாறியபோது, ஒன்றாகவே வளர்ந்த ஒரு கடுவனையும் பெட்டையையும் எங்களுக்குக் கொடுத்தார். இரண்டுக்கும் கருத்தடை ஆகியிருந்தது. ஒன்றுக்கொன்று துணை இருப்பதால் நாங்கள் இல்லாத நேரம் பெரிதாகத் தெரிவதில்லை. சோபா கைப்பிடி மட்டும் போய்விட்டது.

அன்றாட வேலையில் எறும்புதான் பெரிய தலைவலி. டைமர் வைத்த தீனிப் பெட்டி நேரத்துக்குக் கொட்டிவிடும். அரை மணி நேரத்தில் சிவப்பு எறும்பு வரிசை கட்டிவிடும். பெட்டியை அகலமான தட்டில் வைத்து அதைச் சுற்றித் தண்ணீர் ஊற்றிய பிறகு தொல்லை போயிற்று. பெட்டி வாங்கினால் பேட்டரியும் போடக்கூடியதாகப் பாருங்கள், இடி மழையில் இங்கே கரண்ட் போவது உங்களுக்குத் தெரியாததா? மணல் தட்டு இரண்டு பூனைக்கு மூன்று. பஸ்ஸுக்குப் போகுமுன் அள்ளிவிட வேண்டும். ஒருநாள் தவறினால் இந்தப் புழுக்கத்துக்கு வீட்டுக்குள் கால் வைக்க முடியாது.

வெளியே மட்டும் விடாதீர்கள். தாமான் முடிகிற இடத்தில் செம்பனை ஆரம்பிக்கிறது. எலிக்காகச் சில தோட்டங்களில் ஆந்தைக் கூடு வைக்கிறார்கள், சில இடங்களில் விஷம் போடுகிறார்கள். விஷம் தின்று தள்ளாடும் எலியைப் பிடிப்பது பூனைக்குச் சுலபம், அந்த விஷம் அதற்கும் ஏறும். நாகம் வேறு உண்டு. கிரில்லுக்கும் ஜன்னலுக்கும் கம்பி வலை அடித்த செலவுதான் எங்கள் செலவுகளிலேயே உருப்படியானது.

நம்மைப் போன்றவர்களுக்கு மிகவும் சிக்கலானது வைத்தியம். கிளினிக் திறந்திருக்கும் நேரமும் நம் ஷிப்ட் நேரமும் ஒன்றுதான். கடுவன் மணல் தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தும் ஒரு சொட்டுச் சிறுநீர் வரவில்லை என்றால், சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். ஓரிரு நாளில் உயிரே போய்விடும். “ஓஃப் டே வரட்டும்” என்று காத்திருக்கக் கூடாது. எங்கள் கடுவனுக்கு அப்படி ஆனபோது நான் ஷிப்டில் இருந்தேன். அன்று பகல் தூக்கத்தை விட்டு எழுந்து அதைப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோனவர் வீட்டுக்காரர். அன்றிலிருந்து காய்ந்த தீனியோடு ஒரு வேளை ஈரத் தீனியும் கொடுக்கிறோம், உடம்பில் தண்ணீர் சேரட்டும் என்று. மணலில் இரண்டு சிறுநீர்க் கட்டியாவது இருக்கிறதா என்று பார்க்காமல் நான் தூங்கப் போவதில்லை.

ஊருக்குப் போகும் நாட்களில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடுபவர், சாவி வாங்கிக்கொள்வார். நாய் என்றால் முஸ்லிமான அவரிடம் கேட்டிருக்கவே முடியாது. பூனைக்கு அவரே முன்வந்தார். தீபாவளிக்கு நாங்கள் தைப்பிங் போனால் அவர் தீனி போடுவார், ஹரிராயாவுக்கு அவர் கிராமத்துக்குப் போனால் அவருடைய மூன்று பூனைக்கும் நான். கடுவன் சிறுநீர் விவகாரத்தையும் மலாயில் ஒரு தாளில் எழுதி, கிளினிக் நம்பரோடு குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.