ஷாஃப்டைப் பார்த்து டிஃபரன்ஷியலைச் சொல்ல முடியுமா?

தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் ஒரு பின்சக்கரம் மட்டும் சும்மா சுழன்று குழி பறிக்கிறதா? பெரும்பாலும் ஓபன் டிஃபரன்ஷியல்தான். (எஞ்சின் இழுவையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதிதான் டிஃபரன்ஷியல்.) பிடிப்பில்லாத சக்கரம் சுழல, மற்றது சும்மா நிற்கும். லிமிடெட் ஸ்லிப் என்ற இன்னொரு ரகத்தில் உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் இரண்டு பக்கத்தையும் ஓரளவு சேர்த்துப் பிடிப்பதால், கெட்டித் தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் இழுவை போகும். மணலில் இவ்வளவு தெளிவு. பழைய சாமான் கடையில்தான் வம்பு.

என் பழைய ஜீப்புக்கு ஆக்சில் ஷாஃப்ட் (டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) தேடிப் போனபோது, "பல்லு அதிகமா இருந்தா லிமிடெட் ஸ்லிப்பு தம்பி" என்றார் கடைக்காரர். நம்பி வாங்கிவந்தேன். ஷாஃப்ட் நுனியில் வெட்டியிருக்கும் பல் பொருந்தியது, ஆனால் முழுதாக உள்ளே போகவில்லை. ஷாஃப்டின் வெளிமுனைத் தட்டான ஃபிளாஞ்சுக்கும் ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங்குக்கும் நடுவே கட்டைவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி.

பல் எண்ணிக்கை ஷாஃப்டின் தடிமன் அளவைச் சொல்லுமே தவிர டிஃபரன்ஷியலின் ரகத்தைச் சொல்லாது. அமெரிக்காவில் ஃபோர்டின் 8.8 அங்குல ஆக்சிலில் 28 பல்லும் உண்டு, 31 பல்லும் உண்டு. இரண்டிலும் ஓபனும் வந்தது, லிமிடெட் ஸ்லிப்பும் வந்தது. அதனால் பல்லோடு சேர்த்து நீளத்தையும் நுனியையும் பாருங்கள். நுனியில் சி-கிளிப்புக்கான (ஷாஃப்டை உள்ளே பிடித்து நிறுத்தும் வளையம்) பள்ளம் இருக்கிறதா, இடதும் வலதும் ஒரே நீளமா? கழற்றிய ஷாஃப்டைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே உத்தமம்.

சரி, வண்டியில் இருப்பது எது என்று எப்படித் தெரியும்? இரண்டு பின்சக்கரங்களையும் ஜாக்கியில் தூக்கி, முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் ஒன்றைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்ப்பக்கம் சுற்றினால் ஓபன், கூடவே சுற்றினால் கிளட்ச் வகை லிமிடெட் ஸ்லிப். எல்லோரும் சொல்லும் சோதனை இது. எனக்கு இதில் பாதி நம்பிக்கைதான். பிளேட் தேய்ந்த லிமிடெட் ஸ்லிப்பும் ஓபன் மாதிரியே சுற்றும். மஹிந்திரா தாரில் வரும் ஈட்டன் மெக்கானிக்கல் லாக்கர் இன்னும் ஏமாற்றும்: ஒரு சக்கரம் மற்றதைவிட நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று அதிகம் சுழன்றால்தான் பூட்டிக்கொள்ளும். கையால் அந்த வேகம் வருமா?

பின்மூடி உள்ள ஆக்சிலாக இருந்தால் கழற்றிப் பார்த்துவிடுவதே மேல். டிஃபரன்ஷியல் கூட்டுக்குள் சின்ன கியர்கள் மட்டும் தெரிந்தால் ஓபன். பிளேட் அடுக்கோ ஸ்பிரிங்கோ தெரிந்தால் லிமிடெட் ஸ்லிப். அப்புறம், பிளேட் இருக்கிற ஆக்சிலுக்கு வெறும் 90 நம்பர் கியர் ஆயிலை ஊற்றி மூடிவிடாதீர்கள். ஃபிரிக்ஷன் மாடிஃபையர் (பிளேட்டுகளின் உராய்வைச் சீராக்கும் சேர்மானம்) கலந்ததாகப் பார்த்து ஊற்றுங்கள். இல்லையென்றால் சந்து திருப்பத்தில் பின்பக்கம் கடகடவென்று அதிரும்.