பழைய காடி பார்க்கப் போகும்போது எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் உஷார்

பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த், பிறை வட்டாரத்தில் செகண்ட் ஹேண்ட் காடி தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை, விவகாரம் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் இருக்கிறது. காடியின் மாடலையும் சொல்லப் போவதில்லை. அந்த மாடல்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஒரு லிட்டர் எஞ்சின், உள்ளூர்த் தயாரிப்பு, மனைவி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போய்வர வாங்கியது. அவ்வளவு போதும்.

நாங்கள் கடைக்குப் போனபோது காடி வாசலிலேயே ஸ்டார்ட் செய்து நின்றது. "வெயில்ல வருவீங்க, உள்ள ஜில்லுன்னு இருக்கட்டும்னு ஏர்கான் போட்டு வெச்சேன் அண்ணே" என்றார் விற்பனை செய்த தம்பி. கேட்க எவ்வளவு இதமாக இருக்கிறது! பணம் கட்டி எடுக்கப் போன அன்றும் அதே உபசாரம்தான். எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறக்க முடியாது, திறந்தால் கை வெந்துவிடும். அதனால் உள்ளே எஞ்சினைக் குளிரவைக்கும் கூலண்ட் இருக்கிறதா, குழாய்த் தண்ணீர் இருக்கிறதா என்று தெரியாது. குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது என்ன சத்தம் போடுகிறது, பின்னால் என்ன புகை வருகிறது என்று தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சாவியைத் திருப்பியதும் மீட்டரில் எந்தெந்த லைட் எரிகிறது, எது எரியவில்லை என்று பார்க்கவே முடியாது. ஒரு ஏர்கானைக் காட்டி இத்தனையையும் மறைத்துவிட்டார்கள்.

"புஸ்பாகோம் பி5 பாஸ் ஆன காடி அண்ணே" என்பது அடுத்த அஸ்திரம். புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை நிறுவனம், பி5 என்பது அங்கே நடக்கும் பெயர் மாற்றத்துக்கான பரிசோதனை. சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், பிரேக், புகை, கண்ணாடி என்று பார்ப்பார்கள். எஞ்சினைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. அந்தத் தாளை எஞ்சினுக்கான நற்சான்று என்று நீட்டுகிறவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

இந்தக் காடியில் சூட்டைக் காட்டும் முள் கிடையாது. பழைய புரோட்டோன் சாகா, வீரா ஓட்டியவர்களுக்கு அந்த முள் ஞாபகம் இருக்கும். கீழே சி, மேலே எச், காடி சூடானதும் நடுவில் வந்து நிற்கும். இப்போதைய சின்னக் காடிகள் பலவற்றில் அந்த இடத்தில் ஒரே படத்துக்கு இரண்டு நிறம்: எஞ்சின் குளிராக இருந்தால் நீலம், அளவுக்கு மீறிச் சூடானால் சிவப்பு. நீலம் அணைவதற்கும் சிவப்பு எரிவதற்கும் நடுவே, மாடலைப் பொறுத்து, ஏறக்குறைய 50 டிகிரி இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் காடி உங்களிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாது.

எங்கள் காடியில் அந்த நீல விளக்கு அணையவே மனமில்லாமல் எரிந்தது. வீட்டிலிருந்து கிளம்பி, பினாங்கு பாலத்தில் ஏறி, பதின்மூன்றரை கிலோமீட்டரையும் தாண்டி, தீவில் இறங்கும் நேரத்தில்தான் போகும். மழை பெய்தால் ஹைவேயில் போய்க்கொண்டிருக்கும்போதே மறுபடியும் எரியும். நம் ஊர் வெயிலில் ஒரு எஞ்சின் சில நிமிடங்களில் சூடாகிவிட வேண்டும். கடைக்குப் போன் செய்து கேட்டோம். "எஞ்சின் கூலா இருந்தா நல்லதுதானே அண்ணே! மத்தவங்க சூடாகுதுன்னுதான் கம்ப்ளைண்ட் பண்ணுவாங்க" என்று சிரித்தார் கடைக்காரர்.

நல்லதே இல்லை. எஞ்சினுக்குள் தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்ன வால்வு இருக்கிறது. தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டும்வரை அது மூடியிருக்கும். அதன் பிறகுதான் திறந்து ரேடியேட்டருக்கு வழி விடும். சூடாகிற எஞ்சினை உடனே "சரி செய்ய" சில பட்டறைகளில் ஒரு குறுக்குவழி உண்டு. தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிடுவார்கள். தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டருக்கு ஓடும், காடி சமதரையில் சூடாகாது. அசல் நோய் அப்படியே உள்ளே இருக்கும். எஞ்சின் பதமான சூட்டுக்கு வராததால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், எஞ்சின் ஆயிலும் சீக்கிரம் கெடும்.

முள் இருந்திருந்தால் இது முதல் நாளே பிடிபட்டிருக்கும். ஓடும்போது கீழே படுத்துக் கிடந்து, ஜாமில் நின்றால் ஏறி, ஹைவேயில் மறுபடி இறங்குகிற முள்ளைப் பார்த்தால், காடியைப் பற்றி எதுவும் தெரியாதவர்கூட "இதென்ன இப்படி ஆடுகிறது" என்று கேட்பார். லைட்டில் அந்த ஆட்டம் தெரியாது.

அப்புறம் ஈப்போவில் ஒரு கல்யாணம். என் மாமா முன் சீட்டில். அவர் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வருஷக்கணக்கில் லாரி ஓட்டியவர், முள்ளைப் பார்த்தே பிழைத்த தலைமுறை. ஏறி உட்கார்ந்ததும், "சூட்டு மீட்டர் எங்கடா?" என்றுதான் கேட்டார். கோலகங்சாரைத் தாண்டி மெனோரா சுரங்கத்தை நோக்கிச் சாலை ஏறத் தொடங்குகிற இடம் தெரியும்தானே. லாரிகள் இடது ஓரம் ஊர்ந்து போகும். அங்கேதான் முதலில் ஏர்கான் சூடாக அடித்தது. சிவப்பு விளக்கு எதுவும் இல்லை. "காத்து சூடா வருது, எஞ்சின் தாங்கலடா. ஓரம் கட்டு" என்றார் மாமா. அவர் சொன்னது சரி. பல காடிகளில் எஞ்சின் அதிகமாகச் சூடானால் பளுவைக் குறைக்க கம்ப்யூட்டரே ஏர்கான் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். ஓரம் கட்ட இடம் பார்ப்பதற்குள் சிவப்பு மின்னியது, உடனே நிலையாக எரிந்தது. அவசரப் பாதையில் நிறுத்தி அணைத்தபோது பானட் இடுக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் ஹீட்டரைப் போட்டு எஞ்சின் சூட்டை இறக்கச் சொல்லி இணையத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள். நம் ஊர்ச் சின்னக் காடிகள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது என்பது அவர்களுக்கு யார் சொல்வது.

கொஞ்ச நேரம் கழித்துச் சாவியை மட்டும் திருப்பிப் பார்த்தோம். சிவப்பைக் காணோம். அதற்குள் கடைக்காரர் போனை எடுத்துவிட்டார். "லைட் போயிருச்சா? அப்ப சரியாயிருச்சுண்ணே. மெதுவா ஓட்டிக்கிட்டுப் போங்க, ஈப்போவுல பார்த்துக்கலாம்."

இந்தப் பதிவை எழுத வைத்ததே இந்த ஒரு வாக்கியம்தான். சூட்டை அளக்கும் சென்சார் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும்போதுதான் சரியாக அளக்கும். தண்ணீர் எல்லாம் ஆவியாகப் போய்விட்டால் அது வெறும் காற்றில் தொங்கும், உண்மையான சூட்டைவிடக் குறைவாகக் காட்டும். எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே லைட் அணைந்துவிடலாம். முள் உள்ள காடியிலும் இதே கூத்து நடக்கும்: உச்சிக்குப் போன முள் திடீரென்று கீழே விழும். ஆனால் விழுவதைக் கண்ணால் பார்க்கிறோம், அப்படி விழக் காரணமில்லை என்று யோசிக்கிறோம். அணைந்த லைட்டைப் பார்த்தால் "அப்பாடா" என்று மட்டும்தான் தோன்றும். மாமா போனை வாங்கி அவரிடம் இரண்டு வார்த்தை சொன்னார், அவை இங்கே வேண்டாம். காடியை இழுத்துக்கொண்டு போகத்தான் ஆள் அழைத்தோம்.

ஈப்போவில் ஒரு வயதான சீனப் போமன் (மெக்கானிக்) திறந்து பார்த்தார். தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி. ரேடியேட்டரில் மிச்சமிருந்தது துருப்பிடித்த குழாய்த் தண்ணீர், அதில் கசிவை அடைக்க ஊற்றும் ஸ்டாப் லீக்கின் துகள்கள். அது ஓட்டையை மட்டும் பார்த்து அடைக்காது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கும். எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்குக் கீழே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருந்தது, ஹெட்டும் வளைந்திருந்தது.

பிறகு அவர் ஸ்டியரிங்குக்குக் கீழே, காடியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைச் சொருகினார். தெர்மோஸ்டாட் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்கிற பி0128 கோளாறுக் குறியீடு (கோடு) அதில் பதிவாகியிருந்தது. அதைவிட வேடிக்கை, எஞ்சின் கோளாறைக் காட்டும் செக் எஞ்சின் லைட் எரிந்துகொண்டிருக்கிறது என்று ஸ்கேனர் சொன்னது. டேஷ்போர்டைப் பார்த்தால் இருட்டு. அவர் ஒன்றும் பேசாமல் மீட்டரைக் கழற்றி, முன் கண்ணாடியை எடுத்து, எண்கள் அச்சடித்த தகட்டை மெல்லத் தூக்கிக் காட்டினார். எஞ்சின் படம் போட்ட ஓட்டைக்குப் பின்னால், சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்குக் கச்சிதமாக வெட்டிய கறுப்பு வயரிங் டேப். பக்கத்து விளக்குகளில் துளிகூடப் படவில்லை. நிதானமாக உட்கார்ந்து செய்த வேலை. டேப்பை உரித்ததும் ஆரஞ்சு நிறம் பளிச்சென்று வந்தது. போனில் வீடியோ எடுத்துக்கொண்டோம். இப்போது அதுதான் எங்கள் முக்கிய ஆதாரம்.

ரிப்பேருக்கு 2,400 வெள்ளி (ரிங்கிட்). கடையில் போய் நின்றபோது அவர்கள் சொன்ன பதிலைக் கேளுங்கள்: "சிவப்பு லைட் எரிஞ்சும் ஓட்டியிருக்கீங்க, அதனால வாரண்டி இல்ல." ஒரு லைட்டை டேப் போட்டு மூடியவர்கள், இன்னொரு லைட்டைக் காட்டிப் பழியை நம் தலையில் கட்டுகிறார்கள்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். முள் இருந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்பதும் இல்லை. புதிய காடிகளில் முள்ளையும் கம்ப்யூட்டர்தான் நகர்த்துகிறது. 75 டிகிரியோ 100 டிகிரியோ, சரியாக நடுவிலேயே நிற்கும்படி பல கம்பெனிகள் வைத்திருக்கின்றன. முள் லேசாக ஆடினாலே மக்கள் சர்வீஸ் சென்டருக்கு ஓடி வருகிறார்களாம், அதனால். அப்படிப்பட்ட முள், முள் வேஷம் போட்ட லைட்தான். இன்னொரு பக்கம், மீட்டரை ஏறெடுத்தே பார்க்காதவர்களுக்கு முள் எதற்கு? அவர்கள் கண்ணைக் குத்த சிவப்பு விளக்கு வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டும், சூட்டுக்கும் ஆயில் பிரஷருக்குமாவது. ஆயில் லைட் எண்ணெயின் அளவைக் காட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். அது அழுத்தத்துக்கானது. அழுத்தம் பெரும்பாலும் அரை பாருக்கும் கீழே விழுந்த பிறகுதான் எரியும். அதற்குள் பேரிங் உரசத் தொடங்கியிருக்கும்.

காடி பார்க்கப் போகிறவர்கள் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது. போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். குளிர்ந்திருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பச்சையோ சிவப்போ கூலண்ட் தெளிவாக இருக்க வேண்டும், பழுப்புத் தண்ணீர் கூடாது. அப்புறம் சாவியை ஆனில் வைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் மீட்டரைப் பாருங்கள். செக் எஞ்சின், பேட்டரி, ஆயில் மூன்றும் எரிந்தபடி நிற்க வேண்டும். ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் எரிந்து சில வினாடிகளில் தாமாக அணைய வேண்டும். ஏர்பேக் லைட் அணையாமல் நின்று, ஸ்டார்ட் செய்த அதே நொடியில் ஆயில் லைட்டோடு சேர்ந்து அணைந்தால், இரண்டின் வயரையும் யாரோ ஒன்றாகக் கட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். எரியவே எரியாத லைட்டுக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை.

புளூடூத் ஸ்கேனர் ஒன்று ஆன்லைனில் ஐம்பது வெள்ளிக்கும் குறைவாகக் கிடைக்கிறது. போனில் ஆப்பைப் போட்டால் தண்ணீரின் சூடு டிகிரிக் கணக்கில் அப்படியே தெரியும். முள் இல்லாத காடிக்கு அதுவே முள். இப்போது எங்கள் காடி பாலத்தில் 88, 90 என்று ஓடுகிறது. ஜெலுத்தோங் ஜாமில் 96 வரை போய், காற்றாடி சுற்றியதும் இறங்குகிறது. பழைய காடி பார்க்கும்போது அதே ஸ்கேனரில், கோளாறுக் குறியீட்டை அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதையும் பல காடிகளில் பார்க்கலாம். அது மிகக் குறைவாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்புதான் யாரோ துடைத்திருக்கிறார்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். மனுப் படிவம் பாரம் 1, கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். "உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன்" என்று கடையில் கையெழுத்து வாங்கியிருந்தாலும் தயங்க வேண்டாம். 1999ஆம் வருடத்துப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உத்தரவாதங்களை அப்படி எழுதி வாங்கிக் கழற்றிவிட முடியாது. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திலும் போய்க் கேட்கலாம்.

போன வாரம் கடையிலிருந்து ஆள் வந்தார். பாதிப் பணம் தருகிறோம், மனுவைத் திரும்ப வாங்கிவிடுங்கள் என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கழற்றிய கேஸ்கெட்டும் அந்த டேப்பும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அலமாரியில் இருக்கின்றன. விசாரணைத் தேதி வந்துவிட்டது. முடிந்ததும் என்ன தீர்ப்பு என்று எழுதுகிறேன், அதுவரை கடைப் பெயரை யாரும் கேட்க வேண்டாம்.