நியூயார்க் யூதத் திரைப்பட விழா: எதற்கு டிக்கெட் எடுப்பது?

யூத அருங்காட்சியகமும் ஃபிலிம் அட் லிங்கன் சென்டர் என்ற திரைப்பட அமைப்பும் சேர்ந்து 1992 முதல் நடத்திவரும் விழா இது. ஜனவரிக் குளிரில் வரும். பெயரைப் பார்த்து 92-வது தெருவில் இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போய் நிற்காதீர்கள். படம் ஓடுவது சென்ட்ரல் பார்க்குக்கு அந்தப் பக்கம், 65-வது தெரு வால்டர் ரீட் தியேட்டரில். 1-ஆம் எண் ரயிலில் 66-வது தெரு நிறுத்தம். சாலையின் வடபுறம், மாடியில் இருக்கிறது வாசல். எதிர்ப்புறம் கண்ணாடி முகப்போடு தெரிவது ஃபிலிம் அட் லிங்கன் சென்டரின் இன்னொரு அரங்கு. நேரம் நெருங்கிய பிறகு அங்கே நுழைந்து திண்டாடுபவர்கள் உண்டு.

வால்டர் ரீடில் 268 இருக்கைதான். தொடக்க நாள் படம் சீக்கிரம் விற்றுப்போகும், போகட்டும். அது எப்படியும் பிறகு தியேட்டருக்கோ ஓடிடிக்கோ வரும். இந்த விழாவின் உண்மையான சரக்கு புதுப்பிக்கப்பட்ட பழைய படங்கள்: 1920-களின் ஊமைப்படங்கள், இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய யித்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி) பேசும்படங்கள். பட்டியலில் ‘நேரடி இசையுடன்’ என்று கண்டால் யோசிக்காமல் எடுங்கள். ஊமைப்படங்களை எடுத்த வேகம் படத்துக்குப் படம் மாறும். அதை இன்றைய நொடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் அப்படியே ஓட்டினால் இழவு வீட்டுக் காட்சியிலும் ஆட்கள் குடுகுடுவென்று ஓடுவார்கள். நல்ல புதுப்பிப்பில் வேகம் சரியாக இருக்கும். தொலைந்த காட்சிகளுக்குப் பதில் புகைப்படமோ எழுத்து அட்டையோ வரும். படம் அறுந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பழைய யித்திஷ் பிரதிகளில் சப்டைட்டில் படச்சுருளிலேயே பதிந்திருக்கும். வெள்ளை மேஜைவிரிப்பின் மேல் வெள்ளை எழுத்து, ஒன்றும் புரியாது. எனவே புதிய சப்டைட்டிலா என்று குறிப்பில் பார்த்துவிடுவது நல்லது.

வெள்ளி மாலை முதல் சனி அந்திவரை சபாத், அதாவது யூதர்களின் வாராந்தர ஓய்வு நாள். அந்த நேரத்தில் படங்களை எதிர்பார்த்துப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு வாரநாள் மதியக் காட்சி. வாசலில் பையைச் சோதிப்பார்கள் என்று எண்ணி, சிறிய பையோடு அரை மணி முன்னதாகப் போங்கள்.

இயக்குநர் வந்திருந்தால் படம் முடிந்ததும் கேள்வி பதில். கேள்வி கேட்பதாக மைக்கை வாங்கித் தாத்தாவின் கதையைச் சொல்பவர் ஒருவராவது இருப்பார்! அடுத்த படத்துக்கும் டிக்கெட் எடுப்பவர்கள் இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள்.