டார்க் லிமிட்டர் ஆன்லைன்ல வாங்குறவங்க பாத்துக்கிடுங்க: 38,600 ரூபா போச்சு

மெஷின் உதிரிபாகம் விக்கிற ஒரு ஆன்லைன் தளத்துல வாங்குன டார்க் லிமிட்டர், அதாவது லோடு மீறுனா வழுக்கி கியர்பாக்ஸைக் காப்பாத்துற சேஃப்டி கிளட்ச். விலை 38,600. ஓடுனது பதினோரு நாள். நாகர்கோவில் கோணம் பக்கம் பட்டறையில படகுக்கான 6 எம்எம் தகடு வளைக்கும்போது முனை ரோலர்ல சிக்கிச்சு. கிளட்ச் வழுக்கணும். வழுக்கல. கியர்பாக்ஸ்ல வெண்கல வேர்ம் வீல், அதாவது திருகு ஷாஃப்ட் சுத்துற பல்சக்கரம், ஏழு பல்லு மழிஞ்சு போச்சு.

நம்ப வெச்சது நட்டு மேல இருந்த சிவப்பு பெயின்ட் சீலும், '750 நியூட்டன் மீட்டர், டெஸ்ட் ஓகே'ங்கிற சீட்டும்தான். எவ்வளவு முறுக்குக்கு வழுக்கணும்னு கேட்ட அளவும் அதேதான். மோட்டார் 3.7 கிலோவாட், ரோலர் ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 48 சுத்து. 9550 × 3.7 ÷ 48 போட்டா 736. கியர்பாக்ஸ் தின்னது போக 580 சொச்சம், பாதுகாப்புக்கு அதுல 1.3 மடங்கு, 750 வந்துரும். "ஃபேக்டரி செட்டிங் சார், நட்டைத் தொட்டா வாரண்டி போயிரும்"னு வித்தவன் போன்ல அவ்வளவு பக்குவமா சொன்னான்.

பல்லு போன பிறகு ஷாஃப்டைப் பூட்டி, ஒன்றரை மீட்டர் பைப் முனையில 50 கிலோ சிமென்ட் மூட்டை தொங்கவிட்டுப் பாத்தாச்சு. அது 736, தாங்கணும். ரெண்டாவது மூட்டைக்கு வழுக்கியே ஆகணும். அசையல! கழட்டுனா, கிண்ணம் மாதிரி குழிஞ்ச டிஸ்க் ஸ்பிரிங் நாலு. இந்த மாடலுக்கு ஒண்ணை ஒண்ணு முகம் பாத்து அடுக்கணும். நாலையும் ஒரே பக்கமா, ஓட்டல்ல தட்டு அடுக்குன மாதிரி அடுக்கி இறுக்கியிருக்கானுவ. ஒவ்வொண்ணும் அதே அளவு அமுங்குனாலே அழுத்தம் நாலு மடங்கு ஆயிரும், பிறகு எங்க வழுக்க?

கேட்டா, "ஓவர்லோட் கொடுத்திருப்பீங்க"ங்கிறான். அட, ஓவர்லோடுக்குத்தானவே அதை வாங்குறது! மறுநாள், "உங்க ஊரு உப்புக்காத்துல லைனிங் (உரசிப் பிடிக்கிற பட்டை) துருவோட ஒட்டியிருக்கும்." முட்டம், குளச்சல் பக்கம் மழைக்காலத்துல சும்மா கிடந்த மெஷின்ல அப்படி ஒட்டும், உண்மைதான். தினமும் ஓடுனதுல ஒரு பொட்டுத் துரு இல்ல, போட்டோ அனுப்பியாச்சு. மூணாம் நாள், "சீலை உடைச்சுட்டீங்க, வாரண்டி இல்ல." புகாரை மூடிட்டானுவ. 38,600 ரூபா! வேர்ம் வீல் செலவு தனி.

மூட்டை கட்டிப் பாக்காம கிளட்ச்ல டிரைவ் செயின் மாட்டாதீங்க, பைப்புக்குக் கீழ ஆள் நிக்கப்பிடாது. லைனிங்ல எண்ணெய் படப்பிடாது. கரண்ட் கூடுனா மோட்டாரை நிறுத்துற ஓவர்லோட் ரிலே இருக்கேன்னு இருக்காதீங்க, அது சூடாகி ட்ரிப் ஆகுறதுக்குள்ள பல்லு போயிரும். பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுங்க. நம்மகிட்ட அந்த வீடியோ இல்ல, இப்ப அதைத்தான் பிடிச்சுத் தொங்குறானுவ.