கொல்லை மரத்தின் பெயரைச் சொன்ன பிளான்ட்நெட் செயலி

டல்லாஸ் நகருக்கு வடக்கே நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் கொல்லையில், வேலியை ஒட்டிப் பெயர் தெரியாத முள்மரம் ஒன்று நின்றது. புயலில் அதன் தொடைப் பருமனுள்ள கிளை முறிந்து விழுந்தபோது, அதில் வில் செய்யலாமா என்று அறியவே, படத்தைப் பார்த்துத் தாவரத்தின் பெயரைச் சொல்லும் பிளான்ட்நெட் செயலியைப் பயன்படுத்தினேன். பிரான்சின் ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் இதற்குக் கட்டணம் இல்லை.

அதற்கு முன் பணம் கட்டிப் பயன்படுத்திய வேறொரு செயலி, முழு மரமும் தெரியும் ஒரே படத்தை வைத்து முசுக்கொட்டை (மல்பெரி) என்று சொல்லிவிட்டது. பிளான்ட்நெட் அப்படி அவசரப்படுவதில்லை. படத்தில் இருப்பது இலையா, பட்டையா, பூவா, காயா என்று கேட்டு, ஒரே மரத்தின் பல படங்களைச் சேர்த்துப் பார்த்து, பொருந்தக்கூடிய பெயர்களை விழுக்காட்டுடன் வரிசைப்படுத்தி, ஒப்பிட்டுப் பார்க்கப் பிறர் எடுத்த படங்களையும் காட்டுகிறது. இலைக்காம்பின் அடியிலிருந்த முள்ளை நெருக்கமாக எடுத்துச் சேர்த்ததும் ஓசேஜ் ஆரஞ்சு என்ற வட அமெரிக்க மரத்தின் பெயர் முதலிடத்துக்கு வந்தது.

காம்பை ஒடித்தால் பலா இலையைப் போலவே பால் வடிந்தது. ஆனால் பலா, ஆல், முசுக்கொட்டை, ஓசேஜ் ஆரஞ்சு எல்லாம் ஒரே குடும்பம் என்பதால் பாலை மட்டும் நம்ப முடியாது. முசுக்கொட்டை இலையின் ஓரம் பல்பல்லாக இருக்கும், அதற்கு முள்ளும் கிடையாது. இதன் இலையோரம் மழமழவென்றிருந்தது. பச்சைப் பந்து போன்ற காய் பெண் மரத்தில்தான் காய்க்கும் என்பதால், காயில்லாத எங்கள் மரம் ஆண் மரமாக இருக்கலாம். ஓசேஜ் பழங்குடியினர் இதில் வில் செய்ததைக் கண்ட பிரெஞ்சுக்காரர்கள் இதை வில்மரம் என்ற பொருளில் ‘புவா டார்க்’ என்றே அழைத்தார்கள். அதன் திரிபான போடார்க் என்ற பெயர் டெக்சாஸில் இன்றும் வழங்குகிறது.

செயலியின் வேலை பெயரோடு முடிந்துவிடுகிறது. வில்லுக்குப் பெயர் பெற்ற மரமானாலும், குறிப்பிட்ட ஒரு கட்டை வில்லுக்கு ஆகுமா என்பதைப் பிளந்துதான் பார்க்க வேண்டும். வெட்டுமுனைகளில் உடனே பசை பூசி, வெடிப்பு விழாமல் காத்து, ஆறடித் துண்டை ஆப்பும் சம்மட்டியும் கொண்டு நான்காகப் பிளந்தேன். அறுத்தால் நார் அறுபட்டுப்போகும். உள்ளே மஞ்சள் கிழங்கை ஒடித்தாற்போன்ற நிறத்தில் வைரம் எனப்படும் நடுக்கட்டை மின்னியது. வெயில் பட்டால் அது பழுப்பேறும். வில்லின் முதுகில், அதாவது எய்பவருக்கு எதிர்ப்புறமாக இருக்கும் பக்கத்தில், முனைக்கு முனை ஒரே ஆண்டு வளையம் அறுபடாமல் ஓட வேண்டும் என்பதால், பட்டையையும் வெள்ளைப் பகுதியையும் இழுப்புக் கத்தியால் சீவி நீக்கினேன். ஒவ்வொரு வளையத்திலும் வசந்தத்தில் வளர்ந்த, துளைகள் நிறைந்த அடுக்கில் கத்தி நறநறக்கும்; அடர்ந்த கோடை அடுக்கை எட்டியதும் ஓசை அடங்கி, சீவல் சுருள் சுருளாக வரும். அந்த மாற்றத்தைக் கையால் உணர்வதற்கு எந்தப் படமும் ஈடாகாது.

நான்கில் இரண்டு துண்டுகள் நடுப்பகுதியில் கணுக்கள் நெருங்கியிருந்ததால் கழிந்தன. மற்ற இரண்டும் வளையம் தடித்து, நாரோட்டம் நேராக இருக்கின்றன. வண்டு துளைக்காத நிழலில் ஓராண்டு காய வைத்திருக்கிறேன். வீட்டு மரத்தின் பெயரறிய விரும்புவோர், இலையின் இருபுறத்தையும் பட்டையையும் முள்ளையும் தனித்தனியாகப் படமெடுக்கும் பொறுமையோடு இச்செயலியைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.