மூன்று வருடத்துக்கு மேல் ஒரு கிளாம்ப் மீற்றர், ஒரு ஹோல்ட் பொத்தான்

முந்தாநாள் என் கிளாம்ப் மீற்றரின் (கம்பியைக் கவ்வி மின்னோட்டம் அளக்கிற கருவி; தொட்டு வோல்ற், ஓம் பார்க்க இரண்டு வயரும் உண்டு) கறுப்பு வயரை வெட்டி, ஈயம் வைத்து ஒட்டினேன். வெளியே பார்க்க வயர் நல்லாய்த்தான் இருந்தது. உள்ளே செம்பு அறுந்துபோய், பிடிக்கிற பிடியைப் பொறுத்து ஒரே கேத்திலுக்கு 26 ஓம், 40 ஓம், ஓ.எல் (அளவுக்கு மிஞ்சிப்போச்சு) என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற அக்காவின் மகன், கொக்குவிலில் வயரிங் படிக்கிறவன், "மாமா, நானும் இதையே வாங்கட்டோ?" என்றான். சட்டென்று பதில் வரவில்லை.

2022 ஆகஸ்டில் கரண்ட் கட்டணம் ஏறிய கையோடு வாங்கினது. எந்தச் சாமான் எவ்வளவு தின்னுது என்று பார்க்கிற வேகம் அப்போது. வாற்றை இது நேரே காட்டாது. வோல்ற்றையும் அம்பியரையும் தனித்தனியே எடுத்து நாங்கள்தான் பெருக்கவேண்டும். பெருக்கினால் வலு, வோல்ற்றை அம்பியரால் வகுத்தால் தடை. பள்ளிக்கூடத்தில் படித்த அதே ஓமின் விதி. இன்னொன்று, இரண்டு கம்பியும் சேர்ந்த வயரைக் கவ்வினால் பூச்சியம்தான் காட்டும். போகிற மின்னோட்டமும் வருகிற மின்னோட்டமும் ஒன்றையொன்று அடித்துவிடும். அதனால் ஒரு துண்டு எக்ஸ்ரென்ஷன் வயரின் மேல்தோலை நீளப்பாட்டுக்குக் கீறி, ஒரு கம்பியை மட்டும் வெளியே இழுத்து வைத்திருக்கிறேன். எல்.ஈ.டி பல்ப் மாதிரிச் சின்னச் சாமான் என்றால் அந்தக் கம்பியைக் கவ்விக்குள்ளால் பத்துச் சுற்றுச் சுற்றி, வருகிறதைப் பத்தால் பிரிப்பேன்.

இந்த மீற்றர் எங்கள் வீட்டுக் கேத்திலைக் காப்பாற்றியது. பின்னேரத்தில் தண்ணீர் கொதிக்கச் சுணங்குது, கேத்தில் பழசாய்ப் போச்சு, புதிசு வாங்குங்கோ என்று குசினியிலிருந்து ஒரே முறைப்பாடு. காலை பத்து மணிக்குப் பார்த்தேன்: 232 வோல்ற், 8.9 அம்பியர். இரவு ஏழு மணிக்கு: 204 வோல்ற், 7.8 அம்பியர். வகுத்தால் இரண்டு தரமும் 26 ஓமும் கொஞ்சமும். கேத்திலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெருக்கினால் காலையில் 2065 வாற்று, இரவில் 1591. வோல்ற் எட்டில் ஒரு பங்கு விழ, வலு கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு விழுந்துவிட்டது. வோல்ற் குறைந்தால் அம்பியரும் கூடவே குறையும், அடி இரண்டு பக்கத்தாலும் விழும். எங்கள் ஒழுங்கை ட்ரான்ஸ்போமரிலிருந்து தூரம். ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் அடுப்பும் மோட்டரும் ஓடும். கேத்திலின் அடியில் 220–240 வோல்ற், 1850–2200 வாற்று என்று போட்டிருக்கிறது. 220ஐ 220ஆல் பெருக்கி 1850ஆல் பிரித்துப் பாருங்கோ, 240ஐயும் அப்படியே 2200ஆல் பிரித்துப் பாருங்கோ. இரண்டுக்கும் அதே 26.2 ஓம் வரும். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசம் வீட்டில் ஒருத்தருக்கும் விளங்கவில்லை.

சரி, இனிக் கோபம். ஹோல்ட் பொத்தான். மீற்றரைக் கையில் பிடித்தால் பெருவிரல் எங்கே போய் இருக்குமோ, சரியாக அங்கேயே அதை வைத்திருக்கிறான்கள். சும்மா பட்டாலே போதும், திரையில் இருக்கிற எண் உறைந்துவிடும். மூலையில் எறும்பளவு ஓர் எழுத்து வரும்; என் கண்ணுக்கு அது எங்கே தெரியப்போகிறது. ஒருக்கால் கேத்திலின் 8.9 அப்படியே நிற்க, இஸ்திரிப்பெட்டியைக் கவ்விப் பார்த்துவிட்டு, 1000 வாற்றுப் பெட்டி 2000 வாற்று எடுக்குதே என்று அரை மணித்தியாலம் அதைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

அது பகிடி. அடுத்தது பகிடி இல்லை. கிணற்றடி மோட்டரின் பெட்டியைத் திறந்து வோல்ற் பார்த்தேன், 0 காட்டியது. கையை வைக்கப் போனவன், என்னவோ தோன்றி, கரண்ட் இருந்தால் எரிகிற ரெஸ்ரரை வைத்துப் பார்த்தேன். எரிந்தது. முனைகளைத் தொட முன்னமே விரல் பட்டு, வெறும் காற்றின் 0 உறைந்து நின்றிருக்கிறது. அன்றிலிருந்து கரண்ட் இருக்கிறது என்று நிச்சயமாய்த் தெரிந்த பிளக்கில் ஒருக்கால் பார்த்துவிட்டுத்தான் மற்றதில் வைப்பேன். பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு வளையம் வெட்டிப் பொத்தானைச் சுற்றி ஒட்டியும் இருக்கிறேன். மழைக்காலம் வந்தால் பசை விட்டுவிடும், திரும்ப ஒட்டவேண்டும்.

மோட்டர் விசயத்தில் மீற்றரைக் குறை சொல்ல ஏலாது. 228 வோல்ற், 6.2 அம்பியர், பெருக்கினால் 1414. ஆனால் மோட்டரில் மின்னோட்டம் வோல்ற்றோடு ஒத்து ஓடாமல் பிந்தி ஓடும். பெருக்கி வருவது முழுக்க வாற்று இல்லை. மற்றதெல்லாவற்றையும் நிற்பாட்டிவிட்டு மோட்டரை மட்டும் ஓடவிட்டு, வீட்டு மின்மானியின் சிவப்பு வெளிச்சத்தை எண்ணினேன். அதில் யூனிற்றுக்கு 1600 சிமிட்டல் என்று எழுதியிருக்கிறது. பத்துச் சிமிட்டலுக்கு 20 செக்கன், அதாவது 1125 வாற்று. 1414 அல்ல. கட்டணம் வருவது இதற்குத்தான்.

மருமகனுக்கு இதை வாங்காதே என்று சொல்லிவிட்டேன், பொத்தான் வேறெங்காவது இருக்கிற ஒன்றாய்ப் பார். அப்புறம், "அப்ப உங்கடையைக் கொஞ்ச நாளைக்குத் தாங்கோ மாமா" என்று கேட்டான். தரமாட்டேன் என்று சொன்னேன்.