ஈமாக்ஸுக்குள் நாலு வருட மின்னஞ்சல்

வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். எழுதுவதெல்லாம் ஈமாக்ஸ் என்ற உரைத்திருத்தியில். வரும் மின்னஞ்சலில் பாதிக்குப் பதில் எழுதியாக வேண்டும். அதற்கு மட்டும் ஏன் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் செயலிக்குப் போக வேண்டும் என்று 2021இல் மின்னஞ்சலையும் ஈமாக்ஸுக்குள் கொண்டுவந்தேன். இதற்கு மூன்று நிரல்கள்: எம்பிசிங்க் கடிதங்களை லப்டொப்புக்கு இறக்கும், மியூ அவற்றுக்கு அட்டவணை போடும், மியூஃபோர்ஈ ஈமாக்ஸில் காட்டும்.

தண்டர்பேர்டில் முகவரியும் கடவுச்சொல்லும் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இதற்கு எனக்கு ஒரு போயா விடுமுறையும் அடுத்து வந்த ஞாயிறும் போயின.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் இல்லை. ரவுட்டர் செத்துவிடும், லப்டொப்பில் பற்றரி இருக்கும். பழைய கடிதம் முழுவதும் கையில் இருந்ததால் பதில்களை எழுதி வரிசையில் போட்டுவைத்து, கரண்ட் வந்ததும் மொத்தமாக அனுப்பினேன். ஈமாக்ஸைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடினேன். தண்டர்பேர்டிலும் அதே வசதி இருப்பதும், நான் ஒருநாளும் அதைப் போட்டுப் பார்க்காததும் பிறகுதான் உறைத்தது.

உண்மையான வித்தியாசம் தேடலில். அனுப்பியவர், மாதம், இணைப்பு உண்டா என்று ஒரே வரியில் தட்டினால் கண் இமைப்பதற்குள் கடிதம் வந்து நிற்கும். ஆனால் தமிழில் தேடும்போது ஒரு சிக்கல். மியூ முழுச்சொல்லாகப் பார்க்கும். ‘ஒப்பந்தம்’ என்று தேடினால் ‘ஒப்பந்தத்தை’, ‘ஒப்பந்தத்தில்’ இருக்கும் கடிதங்கள் வராது. நம் மொழியில் எந்தச் சொல் வேற்றுமை உருபு இல்லாமல் சும்மா நிற்கிறது? ஒரு வாடிக்கையாளரின் கடிதம் தொலைந்தேபோய்விட்டது என்று அரைநாள் பதறினேன். இப்போது ‘ஒப்பந்த’ வரை தட்டி, பின்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுகிறேன். எல்லாம் வருகிறது.

தமிழ்த் தலைப்புகள் வந்தால் பட்டியலின் நெடுவரிசைகள் கோணும். கட்டளைகளைத் தட்டும் டெர்மினலுக்குள் ஈமாக்ஸைத் திறந்தால் கொம்பும் காலும் தனித்தனியாக அலைகின்றன. தனிச் சாளரத்தில் திறந்தால் ஒழுங்காக வருகிறது. பழகிவிட்டது.

பழகாதது எழுபத்திரண்டாவது எழுத்திடத்தில் ஈமாக்ஸ் வரியை முறிக்கும் வழக்கம். எனக்குத் திரையில் அழகாகத்தான் தெரிந்தது. ஒரு வாடிக்கையாளர் தன் போன் திரையைப் படம்பிடித்து அனுப்பிய பிறகே பார்த்தேன்: ஒரு முழு வரி, அடுத்து இரண்டே சொல், மறுபடி முழு வரி. ஏதோ புதுக்கவிதை போல இருந்தது. “இப்படித்தான் எழுதுவீங்களா?” என்று கேட்டிருந்தார். அன்றே தானாக வரி முறிப்பதை நிறுத்தினேன்.

வங்கிக் கணக்கறிக்கை, விமான டிக்கெட் எல்லாம் இணையப் பக்க வடிவமான எச்டிஎம்எல்லில் வருகின்றன. ஈமாக்ஸில் அட்டவணைகள் நொறுங்கிப்போகும். ஒவ்வொன்றையும் பிரவுசரில் திறக்க வேண்டும். ஒரு வருடத்தில் அலுத்துவிட்டது. வீட்டு மின்னஞ்சல் கணக்கைத் தண்டர்பேர்டுக்கே திருப்பினேன், வேலைக் கணக்கு ஈமாக்ஸிலேயே இருக்கிறது. ஏற்கெனவே ஈமாக்ஸில் எழுதாத ஒருவர் மின்னஞ்சலுக்காக மட்டும் அங்கே குடிபோவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

அப்புறம், இணைப்பை மறப்பது. கடிதத்தில் இணைப்பைப் பற்றிய சொல் இருந்து பைல் இல்லாவிட்டால் தண்டர்பேர்டே ஞாபகப்படுத்தும். அந்தச் சொற்பட்டியலில் தமிழ்ச் சொற்களையும் சேர்க்கலாம். ஈமாக்ஸில் அதற்கு நானே லிஸ்ப் என்ற நிரல்மொழியில் பத்து வரி எழுதினேன். ‘இணைத்துள்ளேன்’, ‘இணைப்பு’, ‘இத்துடன்’ மூன்றையும் போட்டேன். அதிலிருந்து, “இத்துடன் முடித்துக்கொள்கிறேன்” என்று எழுதி அனுப்பப்போனாலும் பைல் எங்கே என்று கேட்கிறது.